போச்சுன்னா அக்கா

திருத்தணியில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த வருடங்களில், பக்கத்துக் கடை அக்கா உட்கார்ந்து டீ குடித்து நான் பார்த்ததே இல்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் கடை வாசலுக்கும் அவள் கடை வாசலுக்குமாக நடப்பாள். நாற்காலியை இழுத்துப் போட்டால், "இருக்கட்டும்மா, உள்ள மிஷின் ஓடிகினு கீது" என்பாள். மிஷின் ஓடாத நாளிலும் அதே பதில்தான்.

ஊரில் அவளுக்குப் 'போச்சுன்னா அக்கா' என்று பெயர். வைத்தது யாரோ தெரியாது, பொருத்தமாக வைத்திருந்தார்கள். எதை வாங்கினாலும், எதில் ஏறினாலும், யார் என்ன யோசனை சொன்னாலும் அவள் வாயில் முதலில் வருவது அந்தக் கேள்விதான். பொதட்டூர்பேட்டை பஸ் புறப்படும் நேரத்தில் கண்டக்டரைப் பிடித்துக்கொள்வாள்.

"பின்னால அடுத்த வண்டி கீதா?"

"இதுல ஏறும்மா. சீட்டு காலியா கீது."

"இது நடுவுல நின்னு போச்சுன்னா?"

"நின்னா எறங்கித் தள்ளு" என்று கண்டக்டர் விசிலை ஊதிவிடுவார். அக்கா ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு தத்தளிப்பாள். யாராவது பின்னாலிருந்து தள்ளித்தான் ஏற்றவேண்டும்.

இரண்டு குடை, இரண்டு செல்போன், கடைக்கு இரண்டு சாவி. ஒரு சாவி என்னிடம் இருந்தது. அது பத்திரமாக இருக்கிறதா என்று அடிக்கடி வந்து பார்ப்பாள். எனக்கோ மூக்கு நுனியில் கோபம்.

"ஏங்க்கா, உங்க சாவிய வித்தா நான் சாப்பிடப் போறேன்?"

"நீ விக்க மாட்டம்மா. உன் கடையில திருடன் பூந்துட்டான்னா?"

பூந்த திருடன் என் கம்ப்யூட்டர், ஜெராக்ஸ் மிஷின் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இவள் சாவியை எடுத்துக்கொண்டு ஓடுவான் என்று ஒரு மனுஷிக்கு எப்படித்தான் தோன்றும்? ஆனால் இதையும் சொல்லவேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்த போதெல்லாம் மாத்திரை வாங்கி வந்தவள் அவள்தான். இரண்டு கடைகளில், இரண்டு விதமாக வாங்கி வருவாள்.

அவள் செய்தது டிசைன் வேலை. பொதட்டூர்பேட்டை தறிக்காரர்கள் புடவைக் கரைக்கு மாங்காய், அன்னம், கொடி என்று கேட்டு வருவார்கள். அக்கா அதைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்புவாள். பக்கத்தில் நிற்கும் மிஷின் அந்தக் கட்டங்களுக்குத் தக்கபடி கெட்டி அட்டைகளில் ஓட்டை குத்தித் தள்ளும். அட்டைகளைக் கோத்துத் தறியின் தலைமேல் மாட்டினால், ஓட்டை சொல்கிறபடி நூல் எழும்பும், கரையில் பூ விழும். அட்டை வரவில்லை என்றால் தறி நிற்கவேண்டியதுதான்.

அந்தக் கம்ப்யூட்டரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெற்றிலை போட்ட பல் மாதிரி பழுத்துப்போன பெட்டி. ஃபிளாப்பி போடுகிற வாய் அதில் இன்னும் இருந்தது. கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டும் மினுங்கும். அதை மாற்றவும் வழியில்லை. அட்டை மிஷினிலிருந்து வரும் வயர் போய்ச் சேர்கிற பலகை ஒன்று அதன் வயிற்றுக்குள் இருந்தது. அந்தப் பலகை இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் எதிலும் உட்காராது. ஆக, கம்ப்யூட்டர் போனால் மிஷின் போச்சு. மிஷின் போனால் கடை போச்சு.

கடை போனால் அவள் எங்கே போவாள் என்பதும் எங்கள் வரிசையில் எல்லோருக்கும் தெரியும். தாம்பரத்தில் ஒரு தம்பி இருந்தார். தங்கமான மனுஷர். ஆடிக் கிருத்திகைக்குக் குடும்பத்தோடு மலையேற வரும்போதெல்லாம் அக்கா கடை வாசலில் நின்று அதையே சொல்லுவார்: "போதும்க்கா. கடைய மூடிட்டு எங்கூட வந்துடு. வேளாவேளைக்குச் சாப்பிட்டு நிம்மதியா உக்காரு."

அவர் தலை மறைந்ததும் அக்கா என்னிடம் வருவாள். "உக்காருன்றான்மா. உக்காந்தா நான் செத்துடுவேன்" என்பாள். அது விளையாட்டுக்குச் சொன்ன பேச்சில்லை. அப்போது அவள் முகத்தில் ரத்தமே இருக்காது.

கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று ஒரு மழை நாளில் கேட்டேன். இரண்டு குடையையும் விரித்து வாசலில் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒரு பாவா இருந்தாரும்மா. அத்தை பிள்ளை. கட்டிக்கறேன்னாரு. நல்லவருதான். யோசிச்சுச் சொல்றேன்னேன்."

"அப்புறம்?"

"யோசிச்சுகினே இருந்தேன்" என்றாள். "அவரு பொண்ணு இப்போ காலேஜ் போவுது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது. குடையைத் தூக்கி உதறி, கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு தை மாதம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து சத்தம் கேட்க ஆரம்பித்தது. டக், டக்கென்று, பல்லி தலையை இடிப்பது போல. டிசைன்கள் எல்லாம் குடியிருந்த ஹார்ட் டிஸ்க்தான் அது. தேய்ந்து சாகப்போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு நான் சொல்வதற்கு முன்பே புரிந்திருந்தது. டிஸ்கைக் கழற்றி என் கடைக்குக் கொண்டுபோய், உள்ளே இருந்ததையெல்லாம் ஒரு டிசைன் விடாமல் நகல் எடுத்துக் காப்பாற்றினேன். இனி அதற்குப் பதிலாக எதை வைப்பது என்பதுதான் மிச்சம். அது அரை நாள் வேலை. ஆள் அக்காவாக இல்லாமல் இருந்திருந்தால்.

முதலில் பொருள் கிடைக்கவேண்டுமே. அந்தப் பழைய கம்ப்யூட்டர் எட்டு ஜிபிக்கு மேல் எதைக் கண்டாலும் மிரண்டு அப்படியே நின்றுவிடும். சென்னைக் கடைகளுக்கு ஃபோன் போட்டு, இருக்கிறதிலேயே சின்னதாக என்ன இருக்கிறது என்று கேட்டேன். "எட்டு ஜிபிய வச்சு இன்னாம்மா பண்ணுவ? கல்யாண வீடியோ பாதி கூட அடங்காதே" என்று சிரித்தார்கள். பெரிசு வேண்டும் என்று அலைகிற உலகத்தில் சின்னது கேட்டு அலைந்தது நாங்கள் இருவர் மட்டும்தான்.

கடைசியில் மூன்று கிடைத்தன. ஒன்று, அதே மாதிரிப் பழைய டிஸ்க், யாரோ கழற்றிப் போட்டது. இரண்டாவது, கேமராவில் போடுகிற மெமரி கார்டு, ஒரு சின்னப் பலகையில் பொருத்தியது. மூன்றாவது, டிஸ்குக்குப் பதிலாக இந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் போடுகிற எஸ்எஸ்டி. அது அளவில் பெரியது. அதனால், கேட்கிறவர்களிடம் தான் எட்டு ஜிபிதான் என்று அதுவே பொய் சொல்லும்படி அமைத்தேன். மூன்றிலும் டிசைன்களை ஏற்றி, மூன்றையும் ஓட்டிக் காட்டினேன். மூன்றும் நன்றாகவே ஓடின.

"எதைக்கா வைக்கட்டும்? நான் கார்டுன்னு சொல்வேன். சுத்தறது இல்ல, தேயறது இல்ல, சத்தமே கெடையாது."

"சத்தமே போடலன்னா, போறப்போ எப்படிம்மா தெரியும்? பழசாவது டக்கு டக்குன்னு சொல்லிகினு இருந்துது."

"அப்போ பழைய மாதிரியே இதை வச்சிக்கங்க."

"யாரோ வேணாம்னு தூக்கிப் போட்டது. அவங்க ஏன் போட்டாங்களோ."

"சரி, எஸ்எஸ்டி?"

அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இதப் பொய் சொல்ல வச்சி உள்ள அனுப்பற. என்னைக்காவது ஒரு நாள் உண்மையச் சொல்லிட்டா?"

அவள் பயத்தில் எப்போதும் ஒரு பிடி நியாயம் இருக்கும். அதுதான் எரிச்சல்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பூக்கட்டிப் பார்க்க மலைக்குப் போகலாம் என்றாள். ஒரு காரியத்துக்குச் சரியா, வேண்டாமா என்று தெரியாவிட்டால் வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண் எடுக்க, நிலம் வாங்க, ஆபரேஷன் செய்யலாமா என்று கேட்க எல்லாம் கட்டுவார்கள். ஹார்ட் டிஸ்குக்குக் கட்டியது எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான்.

அடிவாரத்துப் பூக்காரி கேட்டாள்: "ரெண்டுதானம்மா கட்டுவாங்க? மூணு எதுக்கு?"

"எனக்கு மூணு கீது" என்றாள் அக்கா. வெள்ளைக்கு மல்லி, சிவப்புக்கு அரளி, மஞ்சளுக்குச் சாமந்தி.

படியேறினோம். சன்னதியில் குருக்கள் பொட்டலங்களை வாங்கி முருகன் காலடியில் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். என்ன காரியம் என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். மல்லி வந்தது. வெள்ளை என்றால் கார்டு. எனக்கு நிம்மதி. பிரசாதத்தை வாங்கிக்கொண்டு பாதி தூரம் இறங்கியிருப்போம், அவள் நின்றுவிட்டாள்.

"ஏம்மா, வெள்ளைக்கு நான் கார்டைத்தான் நெனச்சனா? எடுக்கறப்போ மனசுல பழைய டிஸ்க் வந்துட்ட மாதிரி கீது."

நான் எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. திரும்ப ஏறினோம். இந்தத் தடவை சாமந்தி வந்தது. சாமந்தி எஸ்எஸ்டி. வெயிலில் நடந்த கால் எரிச்சலில் நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன்: "அக்கா, அவருக்கே ரெண்டு வீடு. அவர்கிட்ட வந்து ஒண்ணைச் சொல்லுன்னு கேட்டா எப்படிச் சொல்லுவாரு?"

விளையாட்டாகச் சொன்னது. அவள் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. "அதான்மா! மூணையும் வச்சிக்கன்றாரு" என்றாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மறுநாளிலிருந்து மூன்றுக்கும் முறை வைத்துவிட்டாள். திங்களும் செவ்வாயும் பழைய டிஸ்க், புதனும் வியாழனும் கார்டு, வெள்ளியும் சனியும் எஸ்எஸ்டி. "எங்க நைனா ஒரே ஜோடி மாட்டைத் தினம் ஏர்ல பூட்ட மாட்டாரு. ஒண்ணு உழுதா ஒண்ணு நிக்கணும். இல்லன்னா தாங்குமா?" என்று எனக்கே பாடம் எடுத்தாள். மாடு மூச்சு வாங்கும், கார்டு மூச்சு வாங்காது என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. கம்ப்யூட்டர் பெட்டிக்கு மூடியே போடுவதில்லை. காலையில் வந்ததும் ஒன்றைப் பிடுங்குவாள், ஒன்றைச் செருகுவாள்.

பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு தறிக்காரர் வழக்கமாக வருவார். அதிர்ந்து பேசாத மனுஷர். ஒரு வெள்ளிக்கிழமை வந்து, முன்பு கொடுத்த கொடி டிசைனுக்கு இன்னொரு செட் அட்டை கேட்டார்.

"அது புதன்கிழம போட்டதுங்கண்ணா. கார்டுல கீது. புதன்கிழம வாங்க."

"இன்னைக்கு வெள்ளிம்மா."

"ஆங், இன்னைக்கு வேற ஓடுது."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜெராக்ஸ் மிஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். டிசைன் வாங்கக் கிழமை பார்த்து வரவேண்டிய கடை இந்த உலகத்திலேயே அது ஒன்றுதான் இருந்திருக்கும். அவரும் பொறுத்துக்கொண்டு புதன்கிழமை வந்தார்.

தீபாவளிக்கு முந்தைய மாதம் அதே மனுஷர் பெரிய ஆர்டரோடு வந்தார். ஒரு ஜவுளிக்கடைக்கு ஒரே கரையில் புடவைகள் நெய்துதர ஒப்புக்கொண்டிருந்தார். அவர் தறியோடு அக்கம்பக்கத்துத் தறிகளும் அந்த அட்டைக்குக் காத்திருந்தன. அரக்கோணத்தில் புதுக் கம்ப்யூட்டர் வைத்து ஒருவர் கடை போட்டிருந்தார். அங்கே போகச் சொல்லி எல்லோரும் சொன்னதாகவும், பழக்கத்துக்காக இங்கே வந்ததாகவும் சொன்னார். ஒருமுறை அங்கே போனால் யாரும் திரும்பி வரமாட்டார்கள் என்பது அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் கேட்ட கரை ஒரு புதன்கிழமைக் கரை. அன்றைக்குச் செவ்வாய். இந்தத் தடவை அவள் கிழமை சொல்லவில்லை. "இருங்கண்ணா, இதோ" என்று பழைய டிஸ்கைப் பிடுங்கிக் கார்டைச் செருகப் போனாள். செருகும் இடத்தில் மெல்லிய ஊசிகள் வரிசையாக நிற்கும். மாதக்கணக்காகப் பிடுங்கியும் செருகியும் அவை சாய்ந்துகிடந்தன. அவசரத்தில் அவள் அழுத்தியபோது இரண்டு மடங்கிவிட்டன. ஊக்கு நுனியால் நிமிர்த்தப் பார்த்தாள். இரண்டும் கையோடு வந்துவிட்டன.

என்னைக் கூப்பிடக்கூட இல்லை. நான் தற்செயலாக எட்டிப் பார்த்தபோது உள்ளங்கையில் அந்த இரண்டு ஊசிகளை வைத்துக்கொண்டு நின்றாள். கடையைச் சுற்றிப் பார்த்தேன். பழைய டிஸ்க் நன்றாக இருந்தது. கார்டு நன்றாக இருந்தது. எஸ்எஸ்டி நன்றாக இருந்தது. செருகுவதற்கு இடம்தான் இல்லை.

"இதப்பத்தி நான் கேக்கவே இல்லயேம்மா" என்றாள். எவ்வளவு கத்தியிருக்கிறேன் அவளை. அன்றைக்கு ஒரு வார்த்தை கத்த மனம் வரவில்லை.

தறிக்காரர் ஒரு வாரம் பொறுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஊசியை ஒட்டமுடியாது, அடியில் பலகையே பெயர்ந்துவிட்டது என்று ரிப்பேர்க்காரர் கைவிரித்தார். அதற்குள் தம்பிக்கு யாரோ சொல்லி, சாமான் ஏற்ற வண்டி பேசட்டுமா என்று அவர் ஃபோனில் கேட்டார். அக்கா இரண்டு செல்போனையும் அணைத்துப் பையில் போட்டாள். நான் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரையும் கேட்டு, நகரி பக்கத்தில் லாரி எடை போடும் இடம் ஒன்றில் அதே காலத்துக் கம்ப்யூட்டர் மூலையில் கிடப்பதாகக் கண்டுபிடித்தேன். ஓடிப்போய்ப் பார்த்தோம். மேலே கல்தூள் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. அக்கா தெலுங்கில் ஏதோ கேட்டாள். எடைமேடைக்காரர் கையை உதறி, எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம். அது ஓடுமா என்று வழியெல்லாம் அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தூசி தட்டி, அட்டை மிஷினின் பலகையை இதற்கு மாற்றினேன். மூன்றிலும் சிதறிக்கிடந்த டிசைன்களை என் கடையில் ஒன்றுசேர்த்து மூன்றிலும் ஏற்றினேன். கெடு முடிகிற நாளில் தறிக்காரர் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்க்ரூ டிரைவரோடு நான் நின்றேன்.

"அக்கா, இந்தத் தடவை ஒண்ணுதான். செருகினதும் மூடியப் போட்டு முறுக்கிடுவேன். அப்புறம் தொறக்கக் கூடாது. எது?"

அவள் மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்தாள். ஒன்றை எடுத்தாள், வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். நெற்றியில் வேர்வை. தறிக்காரரைப் பார்த்து, "அண்ணா, நீங்க ஒண்ணு சொல்லுங்களேன்" என்றாள்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா" என்றார் அவர். "தறி நின்னுகினு கீது. அதான் தெரியும்."

அக்கா கார்டை எடுத்து என் கையில் வைத்து, என் விரல்களை மடக்கி மூடினாள். நான் செருகினேன், மூடியைப் போட்டேன், முறுக்கினேன். கறுப்புத் திரையில் எழுத்து வந்தது. கொஞ்ச நேரத்தில் மிஷின் தடதடவென்று அட்டை குத்தத் தொடங்கியது. சாயங்காலம் தறிக்காரர் அட்டைக் கட்டுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, பொங்கல் ஆர்டருக்கும் வருவதாகச் சொல்லிப் போனார். தம்பியிடம் வண்டி வேண்டாம் என்று சொன்னதும் அன்றைக்குத்தான்.

இரவு கடை சாத்தும்போது மிச்சம் இரண்டையும் ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் நீட்டினாள். "நீ வச்சிக்கம்மா. என் கண்ணுல காட்டாத. நானே வந்து கேட்டாலும் குடுக்காத."

மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்கும்போதே வந்து நின்றாள்.

"அதக் குடு."

"கேட்டாலும் குடுக்காதன்னு நீங்கதானக்கா சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். இப்போ நான்தான் கேக்கறேன். சும்மா பாத்துட்டுத் தரேன்."

கையில் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்தாள். இது இப்படியே விட்டால் அடுத்த ஊசியும் ஒடியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"குளத்துல போட்டுட்டேங்க்கா."

அவள் என்னைப் பார்த்தாள். "ரெண்டையுமா?"

"ரெண்டையும்."

வாய்க்கு வந்தபடி திட்டுவாள் என்று நினைத்தேன். "ஒண்ணையாவது வச்சிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மிஷின் ஓட ஆரம்பித்தது. டீ வந்தபோது வாசலுக்கு வரவில்லை. பதினோரு மணிக்கு எட்டிப் பார்த்தேன், கம்ப்யூட்டருக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தாள். மத்தியானமும் உட்கார்ந்திருந்தாள்.

எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. என் மேஜை இழுப்பறையைத் திறந்து, துணிப்பைக்குள் இரண்டும் இருக்கிறதா என்று பார்த்தேன். அவளுடைய மொத்தப் பிழைப்புக்கும் மாற்று அந்தப் பைக்குள்தான் இருந்தது. இழுப்பறைக்குப் பூட்டு இல்லை. எறும்பு வரும். மழை பெய்தால் அந்த மூலையில் ஒழுகும். சாயங்காலம் கடை சாத்தும்போது பழைய டிஸ்கை உள்ளேயே வைத்துவிட்டு, எஸ்எஸ்டியை மட்டும் கைப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.